இரவல் கொடுத்த அட்டை

எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பில் மருத்துவ அட்டையை இரவல் கொடுப்பது உறைமோர் இரவல் கொடுப்பது மாதிரிதான். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. ஊரிலிருந்து வந்த தங்கைக்குக் காய்ச்சல் என்றால் அக்காவின் பெயரில் போய் மருந்து வாங்கி வருவாள். அட்டையில் போட்டோ கிடையாது. பெயர், வயது, உறவு, வீட்டுக்காரரின் டோக்கன் நம்பர், அவ்வளவுதான். கேட்டதற்குத் திணறாமல் பதில் சொன்னால் போதும்.

அறுபதுகளின் கடைசி. ஆவடியில் குடியிருப்பே அப்போது பாதிதான் கட்டி முடிந்திருந்தது. மதுரைக்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், திருச்சியிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து சேர்ந்திருந்தோம். எனக்கு முப்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்ற திமிர் கொஞ்சம் உண்டு. எங்கள் லைனில் மணியார்டர் ஃபாரம் நிரப்பவும், பள்ளிக்கூடத்துக்கு மனு எழுதவும் என்னிடம்தான் வருவார்கள். காரியக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டவள் நான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் புது லைன் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த சித்தாள்களில் ஒருத்தி மத்தியானங்களில் குடிக்கத் தண்ணீர் கேட்டு வருவாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூடவோ குறையவோ இருக்கும்; அவளுக்கே தெரியாது. திருவேற்காட்டுக்குப் பக்கத்தில் வீடு. காலையில் காண்ட்ராக்டர் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுபோய் இறக்கிவிடும். புருஷன் பூந்தமல்லியில் ஒரு லாரிப் பட்டறையில் கூலி. ஆறு வயதில் ஒரே பெண். தண்ணீர் குடிக்கும்போதே இவ்வளவையும் சொல்லிவிடுவாள். வாய் மூடாத ஆள்.

ஒருநாள் பேசாமல் வந்தாள். செம்பை வாங்கினவள் பின்வாசல் படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கச் சொன்னபோதுதான் பார்த்தேன், படியெல்லாம் ரத்தம். பழம்புடவை கிழித்துக் கொடுத்து, கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"இன்னாக்கா பண்றது, மாசம் பூரா போய்கினே கீது. மூணு வருசமா இப்டித்தான்" என்றாள்.

"டாக்டரைப் பார்த்தியா இல்லையா?"

"பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்க்கா. வயித்துல கட்டி கீதாம், அறுத்து எடுக்கணும்னாங்க. ஒடம்புல ரத்தமே இல்ல, மாத்தர துன்னுட்டு ரத்தம் ஏறினப்பறம் வான்னாங்க. மறுக்கா போனேன். இன்னும் ஏறலன்னாங்க. போற அன்னிக்கெல்லாம் கூலி பூடுது. கூலி பூட்டா எத்த துன்னு ரத்தம் ஏறும்?"

அந்தக் கேள்வியைச் சும்மா விட்டுவிடுகிற சுபாவம் எனக்குக் கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவளைப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போய், அங்கே புதிதாகத் திறந்திருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினேன். அவள் மடியிலிருந்து எடுத்து நீட்டின ஏதோ பழைய சீட்டை டாக்டர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்; நான் எட்டிப் பார்க்கவில்லை. கட்டியைக் கர்ப்பப்பையோடு எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆள் தேறாது என்றார் டாக்டர். அவர் சொன்ன தொகையைக் கேட்டு அவள் சிரித்தாள். அவ்வளவு பெரிய தொகைக்குச் சிரிக்கத்தான் முடியும்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு லைன் லைனாக ஏறி இறங்கினேன். குறை சொல்லக் கூடாது, முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். தீபாவளிச் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். கூட்டிப் பார்த்தபோது கேட்ட தொகையில் கால்வாசிகூட வரவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு அட்டை ஞாபகம் வந்தது. யோசனை என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

வீட்டுக்காரர் மிரண்டுபோனார். "காய்ச்சல் மாத்திரை வாங்கறதும் ஆபரேஷனும் ஒண்ணாடி? தெரிஞ்சா வேலை போயிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் நான் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அட்டையை எடுத்து அரிசி டின்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் என் பெயரில் ஒரு ஃபைல் இருந்தது. என் மகன் பிறந்தபோது போட்டது. எனக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார், நர்சுகளும் புதுசு. எனக்கும் ஒரு பிள்ளை, அவளுக்கும் ஒரு பிள்ளை. உயரம்கூட ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாம் பொருந்தி வருகிறது என்று பூரித்துப்போனேன்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு வாரம், வேலை முடிந்ததும் லாரியில் ஏறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். என் பெயர், என் வயது, டோக்கன் நம்பர், லைன் நம்பர், மகன் பிறந்த மாதம், அந்தப் பிரசவத்தில் எனக்கு ஜுரம் வந்தது, ஊசி போட்டது எல்லாம். அவள் படித்தவள் இல்லையே தவிர மண்டை கற்பூரம். இரண்டாம் நாளே ஒப்பித்துவிட்டாள்.

ஒரே ஒரு இடத்தில் பாடம் நின்றுபோனது. புருஷன் பெயர். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் ஊரில் யாருமே சொல்ல மாட்டார்கள். எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் விழிப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நானும் எங்க ஊட்டுக்காரர் பேரச் சொல்ல மாட்டேன்க்கா. ஒங்க ஊட்டுக்காரர்னா பிரச்சன இல்ல, ஜோரா சொல்லுவேன். நீ முதல்ல சொல்லு."

கடைசியில் அவரே ஷிஃப்டு முடிந்து வந்து, அடுப்படி வாசலில் நின்று, தன் பெயரைத் தானே சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டது சிரிப்பாலா, வலியாலா என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவாகக் கண்டிப்பாக இரண்டு விஷயம் சொன்னேன். உன் பெயர் உள்ள எந்தக் காகிதத்தையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வரக் கூடாது. ஃபைலில் இல்லாத எதையும் வாய் திறந்து சொல்லக் கூடாது. "நீ ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா இவருக்கு வேலை போயிடும். நாங்க மூணு பேரும் தெருவுக்கு வந்துடுவோம், ஞாபகம் வச்சுக்க" என்றேன். அதைச் சொன்னதும் அவள் சிரிப்பு போய்விட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உசுரு போனாலும் மாத்திச் சொல்ல மாட்டேன்க்கா" என்றாள்.

சேர்க்கப்போன அன்று நான் அவளுடைய நாத்தனார் ஆனேன். என் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, என் ரவிக்கையில், குமாஸ்தாவுக்கு முன்னால் நின்றாள். பெயர் சரி. வயது சரி. புருஷன் பெயர் கேட்டபோது, யோசிக்காமல் பட்டென்று சொன்னாள். குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க வர்ற பொம்பளைங்க புருஷன் பேரைக் கேட்டா பாதி நாள் அட்டையைத்தான் நீட்டுவாங்க. நீங்க என்னம்மா, ரேடியோ மாதிரி சொல்றீங்க?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நாணினாள் பாருங்கள், எந்த நாடகக் கம்பெனியிலும் அப்படி ஒரு நடிப்பைப் பார்க்க முடியாது. அவரும் சிரித்துக்கொண்டு எழுதிவிட்டார். ரத்தப் பிரிவை நினைத்து எனக்கு ஒரு பயம் இருந்தது. அதையும் புதிதாகச் சோதித்துத்தான் எழுதினார்கள். பத்து நாள் படுக்க வைத்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, முட்டையும் பாலும் கொடுத்துத் தேற்றினார்கள். அவள் கன்னத்தில் சதை விழுந்ததை அந்தப் பத்து நாளில்தான் பார்த்தேன். அந்த டாக்டர்களையும் நர்சுகளையும் நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

பார்வை நேரத்தில் அவள் புருஷன் வருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவது என் வீட்டுக்காரர். அவள் புருஷனோ தூரத்துச் சொந்தம் மாதிரி காலடியில் நிற்பார். நெற்றியில் கைவைத்துப் பார்க்கக்கூட முடியாது. பெண்ணை மட்டும் அழைத்து வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஃபைலில் எனக்கு ஒரு மகன்தான். பெண் குழந்தை வந்து அம்மா என்று கட்டிக்கொண்டால் என்ன பதில் சொல்வது? "கொயந்தைய ஒரு தபா காட்டுக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தேங்காய் அளவு கட்டி என்று டாக்டர் சொன்னார். மறுநாள் கண் விழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கு மறுநாள் ரொட்டியைப் பாலில் தொட்டுச் சாப்பிட்டாள். வாழ்க்கையில் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அன்று சாயங்காலம் லைனில் எல்லோரிடமும் போய்ச் சொன்னேன்.

மூன்றாம் நாள் ஜுரம் கண்டது. டாக்டர் பெனிசிலின் எழுதினார். நர்சு ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தாள். சின்னப் பெண், நிதானமானவள்.

"பிரசவத்தப்போ இந்த பெனிசிலின் ஊசி போட்டிருக்காங்களே, ஒண்ணும் பண்ணலையே? அரிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் ஏதாவது?"

அவள் என்னைப் பார்த்தாள்.

பாடம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். நர்சுக்குத் தெரியாமல் தலையை ஆட்டினேன், சொல்லு என்று.

"போட்டாங்க சிஸ்டர். ஒண்ணும் பண்ணல" என்றாள்.

சுத்தமான வார்த்தைகள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, 'ஒண்ணியும்' என்று சொல்லாமல் 'ஒண்ணும்' என்று சொன்னாள். நர்சு ஊசியைப் போட்டாள். நான் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போனேன். பாதி வழியில் நர்சு கத்தினது கேட்டது. ஓடி வந்தபோது உதடு தடித்து, முகம் அடையாளம் தெரியாமல் வீங்கி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஓடி வந்தார். என்னென்னவோ செய்தார்கள். நான் வாங்கப் போன வெந்நீர் கொதிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. போய்விட்டாள்.

அந்த நர்சு தரையில் உட்கார்ந்து அழுதாள். டாக்டர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பி, ஃபைலைத் திறந்து காட்டினார். "ஏற்கனவே ஒத்துக்கிட்ட மருந்து. கேட்டுட்டுத்தான் போட்டோம். ஆயிரத்தில் ஒருத்தருக்கு இப்படி ஆகிடுது" என்றார். அவர் விரல் வைத்துக் காட்டியது என் பிரசவம், என் ஜுரம், என் உடம்பு ஏற்றுக்கொண்ட ஊசி. என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கணவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கினார். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

அவள் புருஷன் வெளியே வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் கோணி, சத்தம் வரப்போனது. நான்தான் அவரிடம் ஓடிப்போய், "இங்க அழாதீங்க, யாராச்சும் பார்த்துடுவாங்க" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கேவலமானது அதுதான். அவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். கேட்டைத் தாண்டி வண்டி ரோட்டுக்கு வந்த பிறகுதான் அவள் அவருக்குப் பெண்டாட்டி ஆனாள். திருவேற்காடு போய்ச் சேரும்வரை அவள் தலையை மடியிலேயே வைத்திருந்தார். அங்கே போனதும் அந்தப் பெண் ஓடி வந்து, தன் அம்மாவின் வீங்கின முகத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா இல்ல" என்று பின்வாங்கியது.

பிறகு நடந்தது எங்களைப் பொறுத்தவரை பெரிய விஷயமில்லை. அட்டையில் என் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள். என் வீட்டுக்காரரின் செக்‌ஷனில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதிப்பேர் அட்டை இரவல் கொடுத்தவர்கள்தான். அதற்கப்புறம் எனக்கு எது வந்தாலும் வெளியில் காசு கொடுத்துத்தான் பார்த்துக்கொண்டேன். அது எனக்கு வேண்டியதுதான்.

அந்த நாட்களில் நான் ஒரே ஒரு சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்கே தெரியாதே. சொந்தப் பெயரில் படுத்திருந்தாலும் இப்படித்தானே பதில் சொல்லியிருப்பாள். விதி. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் சோறு இறங்கியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவள் புருஷன் பெண்ணை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு வாழைத்தார் ஒன்று கொண்டுவந்திருந்தார். நான் உதவி செய்தேனாம். அவள் சாகும்போது வயிற்றில் கட்டி இல்லாமல், வலி இல்லாமல் செத்தாளாம். அவர் அதைச் சொல்லி என்னைக் கும்பிட்டார். பிறகு மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இது இன்னா காயிதம்னு பாத்துச் சொல்லும்மா. அரிசிப் பானைக்குள்ள இருந்திச்சு. எங்க கண்ணாலத்துக்கு முன்னாடியே வச்சிகினு இருந்தா, இன்னான்னு எனக்குச் சொன்னதில்ல. எந்த டாக்டராண்ட போனாலும் இத்ததான் மொதல்ல நீட்டுவா. நீங்க அவ பேரு போட்ட காயிதம் ஒண்ணியும் எத்துகினு வரக்கூடாதுன்னீங்களாமே, அதான் பானைல வச்சிட்டுப் பூட்டா."

பூந்தமல்லியில் வேறொரு டாக்டர் எழுதிய சீட்டு. ஆங்கிலத்தில் நாலே வரி. மேலே அவள் பெயர். இவருக்குப் பெனிசிலின் போட்டபோது மூச்சு நின்று பிழைத்தார், இனி எக்காரணம் கொண்டும் போடக் கூடாது. கடைசி வரியில் இரண்டு கோடு.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மருந்தின் பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனால் மூச்சுத் திணறல் என்று நர்சு சொன்னதுமே அவளுக்குப் புரிந்திருக்கிறது. அதற்காகத்தான் என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

"இன்னாம்மா எழுதிக்கீது?" என்றார் அவர்.

"ரத்தம் ஏற மாத்திரை எழுதிக் கொடுத்த சீட்டு" என்றேன். குரல் நடுங்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் அல்லவா.

"அப்ப இத்த கடாசிடலாமா?"

"கடாசிடலாம். என்கிட்ட கொடுங்க, அடுப்பில போட்டுடறேன்" என்று கையை நீட்டினேன். கொடுக்கப்போனவர், கையை இழுத்துக்கொண்டார்.

"இதுல அவ பேரு எழுதிக்கீதாம்மா?"

"இருக்கு."

"எங்க கீது?"

விரல் வைத்துக் காட்டினேன். அவர் பெண்ணை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். "பாத்துக்க கண்ணு. ஆஸ்பத்திரி காயிதத்துலலாம் இந்தம்மா பேருதான் கீது. உங்கம்மா பேரு கீறது இது ஒண்ணுதான்" என்றார். அந்தக் குழந்தை ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தது. அவர் அதைப் பழையபடி நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம், பொங்கல் முடிந்து தவறாமல் வந்தார்கள். அந்தப் பெண் வளர்ந்துகொண்டே வந்தது. என்ன படிக்கிறாய் என்று நான் கேட்பேன். மற்றவர்கள் கேட்பது அன்புக்கு. நான் கேட்டது பயத்துக்கு. ஆறாவது, ஏழாவது என்று சொல்லும். ஏழாவது முடிந்து அடுத்து வந்த பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. வேலைக்காக வேறு ஊர் போயிருக்கலாம். அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். "போய்ப் பார்த்துட்டு வாயேன்" என்று என் வீட்டுக்காரர் பலமுறை சொன்னார். திருவேற்காட்டுக்கு அரைமணி நேரப் பயணம்தான். நான் போகவில்லை. அந்தப் பெண் சீட்டைப் படித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.